ஹால் வழியாகப் போகும் ஓடை

கதிர்,

ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டுப் பிளானைப் பற்றி நீ கேட்டதற்கு "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இப்போதுதான் வந்திருக்கிறது. அப்போதே பேசியிருந்தால் நீ நடுவில் குறுக்கிட்டிருப்பாய், நான் குரலை உயர்த்தியிருப்பேன், உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு "புள்ளகிட்ட பாத்துப் பேசு" என்று எனக்குப் புத்தி சொல்லியிருப்பார். கடிதத்தில் அந்த வசதி யாருக்கும் இல்லை, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ என் பெயரில் வாங்கிக் கொடுத்த மனையில் வீடு கட்ட நான் சம்மதிக்கப் போவதில்லை. கார்த்திகை பிறந்ததும் வரும் வாஸ்து நாளில் அங்கே அஸ்திவாரம் போடக்கூடாது. நீ அனுப்பிய பிளானில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. தண்ணீரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், அதை ஒழுங்காகச் சொல்லவேயில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தால், நீ பெங்களூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாய். மறுநாளே பத்திரப் பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வேங்கிக்காலைத் தாண்டி, மலை நேராகத் தெரிகிற மாதிரி ஒரு மனை. "அம்மா, உனக்குன்னு ஒரு ரூம். ஜன்னலத் தொறந்தா மலை. உக்காந்து எழுது" என்றாய். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் மனுக்களையும் அதிகாரிகளின் உத்தரவுகளையும் டைப் அடித்த கை, அன்றுதான் முதல் தடவையாக ஒரு பத்திரத்தில் என் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டது. அது பங்குனி மாதம். மனை காய்ந்து, தட்டையாக, சுத்தமாகக் கிடந்தது. கல் நட்டிருந்தார்கள். செம்மண் கொட்டிப் புதுச் சாலை போட்டிருந்தார்கள். எனக்கு மலை மட்டும்தான் கண்ணில் பட்டது, கீழே பார்க்கவில்லை.

ஐப்பசி என்றால் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். நீ சின்னப் பையனாக இருந்தபோதே "அம்மாவுக்கு ஐப்பசி புடிச்சிருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவாய். அந்த ஒரு மாதம் நூலகத்திலிருந்து பை நிறையப் புத்தகம் வரும், சாம்பாரில் உப்பு இருக்காது, சனிக்கிழமை சாயங்காலம் அப்பாண்டைராஜின் ஜெராக்ஸ் கடைப் பின்னறையில் எங்கள் கூட்டம் நடக்கும். எழுதுகிறவர்கள் நாலைந்து பேர், எழுதாமல் சுண்டலுக்கு வருகிறவர்கள் நாலைந்து பேர். கார்த்திகை பிறந்து தீபத்துக்குக் கொடி ஏறிவிட்டால் இந்த ஊரில் யார் கவிதையும் யார் காதிலும் விழாது, அதனால்தான் ஐப்பசி. கடைக்காரர் நயினார் வீட்டுப் பிள்ளை, சமண வழக்கப்படி இருட்டிய பிறகு எதுவும் சாப்பிட மாட்டார். அதனால் சுண்டல் வெளிச்சத்திலேயே வந்துவிடும், நீளமாக எழுதி வருகிறவர்களையும் வெளிச்சத்திலேயே நிறுத்திவிடலாம். அவரும் கவிதை எழுதுவார். நன்றாக எழுதுவார், ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. எழுதியதைப் படிப்பதற்கு முன்னால், அன்றைக்குத் தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கிணற்றில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது, வேர்க்கடலைக் கொடி எப்படி இருக்கிறது, தெருவில் எந்தக் குழாயில் காற்று வருகிறது, இப்படி ஏதாவது. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் படிக்க முடியாது, சுண்டல் மட்டும்தான். இந்த விதி வந்ததே என்னால்தான், அதை நீ அறியமாட்டாய். அப்போது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். தீபாவளி மலருக்கு ஆடி மாதமே கவிதை கேட்பார்கள். நானும் ஆடி வெயிலில், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், விசிறியால் விசிறிக்கொண்டே ஐப்பசி மழையைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன். ஓடு சொட்டுகிறது, தெரு நனைகிறது, ஊரெல்லாம் ஈரம் என்று ஒரே அமர்க்களம். மலர் வந்தது, குடை பிடித்த பெண் படம் போட்டு அழகாக வந்தது. மழைதான் வரவில்லை. அந்த ஐப்பசி முழுக்க ஒரு பொட்டு விழவில்லை. தெருமுனையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது எதிர்வீட்டு மல்லிகா அந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். முடித்துவிட்டு, "டைப்பிஸ்ட் அக்கா, இது எந்த ஊரு மழை? அட்ரஸ் குடுங்க, கொடத்த எடுத்துனு போறோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. மழையைக் கேட்காமல் அதன் சார்பில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமையே அந்த விதியைக் கொண்டுவந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியும் நான் படிக்கிறதும் எழுதுகிறதும் ஒரு பக்கம், பார்க்கிறது ஒரு பக்கம். பூமி சூடாகிறது என்று எப்போதாவது பேப்பரில் வந்த செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. எங்கோ பனிமலை உருகுகிறதாம். நான் பனிக்கட்டியைப் பார்த்தது ஃப்ரிட்ஜில்தான், அதைப் பற்றி எனக்குப் பேச்சு இல்லை. ஆனால் ஐப்பசியை எனக்குத் தெரியும். எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்து, நான் இங்கே மாற்றலாகி வந்த வருஷம், மழை ஒரு தடவை பிடித்தால் விடாமல் நாள்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். டைப்ரைட்டர் எழுத்துகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காகிதம் சுருளும், உன் யூனிபாரம் காயவே காயாது. அடுப்பு மேல் கொடி கட்டிக் காயவைத்துப் புகை வாசனையோடு பள்ளிக்கூடம் அனுப்புவேன். இப்போது அப்படி இல்லை. ஒரே மத்தியானத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, அப்புறம் பல நாள் வெயில் அடிக்கிறது. மண்ணுக்குக் குடிக்க நேரமில்லை. அந்த ஒரு மத்தியானத்துத் தண்ணீர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு, வழியில் தடுத்துவிட்டால் அடுத்த வருஷம்வரை நாம் லாரிக்கு நிற்கவேண்டும். மழை குறைந்துபோய்விட்டதே என்று நான் புலம்பப் போவதில்லை, அது என் கையில் இல்லை. வருகிற நாளில் அதற்கு வழி விடுவது என் கையில் இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அந்த வழியை முதலில் எனக்குக் காட்டியவனே நீதான். வந்த புதிதில் உன்னையும் கூட்டிக்கொண்டு வேங்கிக்கால் பக்கம் பஸ்ஸில் போகும்போது, ஏரி நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு யாரும்மா தண்ணி ஊத்தறாங்க?" என்று கேட்டாய். மலை என்றேன். நம்பவில்லை. மலை தூரத்தில் இருக்கிறது, ஏரி இங்கே இருக்கிறது, எப்படி ஊற்றும் என்று பிடிவாதம். தொல்லை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு ஏரியில் தண்ணீர் வந்து விழுகிற இடத்திலிருந்து எதிர்த்திசையில் நடந்தேன். வேர்க்கடலைக் கொல்லைகள் நடுவே, கருவேல மரங்களுக்குக் கீழே, ஓடையிலேயே நடந்தோம். உனக்கு முட்டிக்கு மேல் தண்ணீர், எனக்கு முட்டிக்குக் கீழே. ஒரு சின்னப் பாலத்துக்கு இந்தப் பக்கம் உன் புதுச் செருப்பு ஒன்று கழன்று போய்விட்டது. நீ அழுத அழுகையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "ஏரியில போய்த் தேடு, அங்கதான் போவும்" என்றார். நீ உடனே அழுகையை நிறுத்திவிட்டு, "அப்போ மலை தண்ணியும் அங்கதான் போவுதா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்காக நான் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மலையடிவாரம்வரை மீதித் தூரமும் நடந்தேன். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்ததற்கு உன் அப்பா என்னைத்தான் திட்டினார்.

இந்த ஐப்பசி பிறந்ததும் அதே நடையை மறுபடி நடக்கலாம் என்று தோன்றியது. ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? இந்தத் தடவை மேலிருந்து கீழே வந்தேன். மலையடிவாரத்தில் ஓடை நன்றாகத்தான் இருக்கிறது. போன பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன தண்ணீர்ப் பாக்கெட்டும் டீ கப்பும் அடைத்திருந்தாலும் ஓடை ஓடைதான். சாலையைக் கடந்து, கொல்லைகளைக் கடந்து, அந்தச் சின்னப் பாலத்துக்கு வந்தேன். பாலம் அப்படியே இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஓடை இல்லை. மண் நிரவி, கல் நட்டு, சதுரம் சதுரமாக இருந்தது. முதல் சதுரத்தில் மேஸ்திரி முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருந்தார். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நின்று பார்த்தேன். ஹால், பக்கத்தில் சமையலறை, மலையைப் பார்த்து ஒரு சின்ன அறை. நீ அனுப்பிய பிளானேதான். சாலை வழியாகவே ஆட்டோவில் போய் வந்த இடத்துக்கு அன்று ஓடை வழியாக வந்து சேர்ந்திருக்கிறேன். நான் எழுத வேண்டிய அறைக்குள் நின்றுகொண்டு கயிற்றையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

உனக்குத் தெரிந்து செய்தாய் என்று நான் ஒருநாளும் நினைக்க மாட்டேன். விற்றவர் ஓடை என்று சொல்லியிருக்க மாட்டார். பங்குனியில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியவில்லையே, நான் நடந்த இடம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். இனி எந்த ஊரில் எந்த இடம் வாங்கினாலும், மழை பெய்து முடித்த மறுநாள் ஒரு தடவை போய் நின்று பார். பத்திரத்தை வக்கீல் பார்ப்பார். மண்ணை நீதான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, உன்னிடம் சொல்வது அதில் பாதிகூட இல்லை. அவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டக்டர் வேலையில் வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அவரவர் ஊரில் இறக்கி விட்டவர். நமக்கு மட்டும் வாடகை வீடு மாற்றி வாடகை வீடு. ஒரு வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பார், இன்னொருவர் விருந்தாளி வந்தால் மோட்டாரை நிறுத்துவார். இத்தனை வருஷமாக நம் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. பத்திரம் முடிந்த அன்று அவர் முதலில் போய் வாங்கி வந்தது ஒரு சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும். அப்படிப்பட்டவரிடம் போய், வீடு வேண்டாம் என்றேன். "நம்ம ஒரு வூடு கட்டாம வுட்டா ஏரி ரொம்பிடுமாடி? எல்லாரும் கட்றான். நாம மட்டும் இன்னா பாவம் பண்ணோம்?" என்றார். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், தட்டைப் பார்ப்பார், போய்விடுவார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கு நான் செய்வது அநியாயம்தான் என்றும் தெரியும். தெரிந்தேதான் பிடிவாதமாக இருந்தேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. மலை கண்ணுக்குத் தெரியவில்லை. உன் அப்பா எழுந்து குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வராதே. மழை விட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். குடை மடங்கியிருந்தது, வேட்டி தொடைவரை நனைந்து சேறாக இருந்தது. வாசலிலேயே நின்று, அத்தனை நாளுக்கு அப்புறம் முதல் பேச்சாக, "தண்ணி நம்ம ஹால் வழியாத்தான்டி போவுது" என்றார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "முட்டி வரைக்கும் ஓடுது. உன் ரூம்ல இன்னும் ஜாஸ்தி. சமையல் ரூம்ல கொஞ்சம் கம்மி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவரும் சிரித்தார். "எவ்ளோ வருஷமா மூடிக் கெடக்குது, ஆனா வந்த தண்ணி பாலத்துல நொழஞ்சி நேரா நம்ம மனைக்குத்தான் வருது பாரு. யார்கிட்டயும் வழி கேக்கல" என்றார்.

மறுநாள் காலையில் இருவரும் போனோம். சுண்ணாம்புக் கோடு கரைந்து போயிருந்தது. முளை ஒன்றிரண்டு சாய்ந்து நின்றது. தண்ணீர் நம் மனை வரைக்கும் வந்து, அந்தச் செம்மண் சாலையில் முட்டி, திரும்பி, பெரிய சாலை ஓரத்துச் சாக்கடையில் விழுந்து போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கு ஒரு சொட்டு போகவில்லை. பக்கத்து மனைக்காரர் ஒருவர் அங்கே வந்திருந்தார். ரிட்டையர்டு ஆசிரியர், நல்ல மனுஷர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு வீடு வேணாம்னா சும்மா இருங்கம்மா. ஓடை கீடைன்னு வெளிய சொல்லி எங்க மனைக்கும் வேல வெக்காதீங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா, "சார், செருப்பக் கழட்டிட்டு இப்படி வந்து எறங்கி நில்லுங்க. அப்புறம் திட்டுங்க" என்றார். அவர் இறங்கவில்லை. ஆனால் போகவும் இல்லை, ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பத்து லோடு மண் அடித்து உயர்த்திவிடலாம் என்பாய். உயர்த்தினால் நம் வீடு நனையாது, தண்ணீர் அந்த ஆசிரியர் வீட்டுக்குள் போகும். விற்றுவிடலாம் என்பாய். ஓடை என்று தெரிந்த பிறகு அதை இன்னொருத்தர் தலையில் கட்ட என்னால் ஆகாது, உன்னாலும் ஆகாது, அப்படி உன்னை நான் வளர்க்கவில்லை. ஒரு மனையை விட்டால் என்ன ஆகிவிடும் என்று உன் அப்பா கேட்ட கேள்வியை நீயும் கேட்பாய். பாலத்துக்கு அடுத்து இருப்பது நம் மனைதான். முதல் அடைப்பு நம்முடையது. அதைத் திறக்காமல் அடுத்தவரிடம் போய் நான் என்ன முகத்தோடு கேட்பது? நம்முடையதைத் திறந்துவிட்டுக் கேட்பேன். சாலைக்குக் கீழே குழாய் பதிக்கச் சொல்லி மனு கொடுப்பேன். மனு எப்படி எழுதினால் கீழே போட முடியாது என்று இந்த ஜில்லாவில் என்னைவிட யாருக்குத் தெரியும்? நடக்குமா என்றால் உடனே நடக்காது. எனக்கு அவசரம் இல்லை, நேரம் இருக்கிறது.

இந்த சனிக்கிழமை கூட்டத்துக்கு நான் கவிதை கொண்டு போகவில்லை. என் முறை வந்ததும், "நான் பார்த்தது, என் ஹாலில் தண்ணீர் ஓடுகிறது" என்று சொல்லிவிட்டு, இந்தக் கடிதத்தை இதுவரை எழுதிய அளவு படித்தேன். யாரும் சுண்டலைத் தொடவில்லை. அப்பாண்டைராஜ்தான், "மேடம், இத உங்க பையனுக்கு மட்டும் அனுப்பினா பத்தாதுங்க. அந்த வரிசைல மனை வாங்கின எல்லாருக்கும் ஒரு காப்பி போவணும். மிஷின் நம்மளுது" என்றார். எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. அதனால் இது ஊரறியப் போகிற கடிதம். உன் செருப்புக் கதையும் போகும், கோபித்துக்கொள்ளாதே. முதல் பிரதி உனக்கு. மற்றவர்களுக்கு நானே கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன், ஆசிரியருக்கு முதலில்.

வாஸ்து நாளுக்கு லீவு போட்டிருக்கிறாய் அல்லவா, அதை ரத்து செய்யாதே. குறித்த நேரம் குறித்ததுதான். கற்பூரம் உண்டு, தேங்காய் உண்டு, பொங்கலும் செய்து எடுத்து வருவேன். மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது, ஆள் வரும். தோண்டப் போவது அஸ்திவாரத்துக்கு இல்லை. பாலத்து வாயிலிருந்து சாலைவரை, ஹால் நடுவாக, என் அறை வழியாக, பழைய அகலத்துக்கே ஓடையைத் தோண்டப் போகிறோம். முதல் மண்வெட்டி நீதான் போட வேண்டும். பெற்றவளுக்கு வீடு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். எனக்கு என் பிள்ளை ஒரு ஓடையை வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று நான் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன். வேறு வீடு அமைந்தால் பார்க்கலாம், அமையாவிட்டால் இந்த வாடகை வீட்டு ஜன்னலே எனக்கு எழுதப் போதும்.

காலையில் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் உன் அப்பா இந்த வீட்டுச் சுவரிலேயே ஆணி அடித்துக் காலண்டரை மாட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். "வந்தா பாத்துக்கறேன்" என்றார். காலண்டரில் வாஸ்து நாளைச் சுற்றி சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார். உனக்கு என்ன எழுதட்டும் என்று அவரிடம் கேட்டேன். சுத்தியலைக் கீழே வைக்காமலேயே சொன்னார்:

"புதுச் செருப்பு போட்டுனு வராதன்னு எழுது."